இறப்புச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்களை நம்ப வேண்டாம்

நகராட்சி அலுவலக வாசலிலோ, அதை ஒட்டிய ஜெராக்ஸ் கடையிலோ நின்றுகொண்டு, இறப்புச் சான்றிதழை இரண்டே நாளில் வாங்கித் தருவதாகச் சொல்லி அணுகுகிற எவரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்காக இதை எழுதுகிறேன். என் பெரியப்பா காலமான பிறகு, அப்படி வந்த ஒருவர் என் பெரியம்மாவிடம் ரூ.3,500 வாங்கிக்கொண்டு போலிச் சான்றிதழ் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பணத்தைக்கூட மறந்துவிடலாம். சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது என்று பெரியம்மா நிம்மதியாக இருந்த காலத்தில், உண்மையான பதிவுக்குச் சட்டம் கொடுத்திருந்த கெடு கடந்துபோனது. எங்கள் குடும்பத்தைப் பல மாதங்கள் அலைய வைத்தது அதுதான்.

பெரியப்பா குடியிருந்தது ஒரு கிராம ஊராட்சியில். உயிர் பிரிந்தது பக்கத்து மாவட்டத்தின் நகராட்சி ஒன்றில் இருக்கும் தனியார் மருத்துவமனையில். பல குடும்பங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இறப்பு எந்த ஊரில் நிகழ்ந்ததோ அந்த ஊரின் பதிவாளரிடம்தான் அது பதிவாக வேண்டும். இறந்தவர் எங்கே குடியிருந்தார், எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பதை வைத்துப் பதிவிடம் தீர்மானிக்கப்படுவதில்லை. தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளில் கிராம நிர்வாக அலுவலரும், நகராட்சிகளில் சுகாதாரப் பிரிவினரும் இந்தப் பொறுப்பைக் கவனிக்கிறார்கள். வீட்டில் இறந்தால் குடும்பத்தார் தகவல் தர வேண்டும். மருத்துவமனையில் இறந்தால், 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, தகவல் தரும் கடமை அந்த மருத்துவமனையின் பொறுப்பாளருடையது.

பெரியம்மா முதலில் ஊர்க் கிராம நிர்வாக அலுவலரிடம் போனார். அவர், இறப்பு வேறு ஊரில் நடந்திருப்பதால் அங்கேதான் பதிய வேண்டும் என்று சரியாகவே சொன்னார். நகராட்சிக்குப் போனபோது, மருத்துவமனையிலிருந்து எந்தத் தகவலும் வரவில்லை, அங்கே போய்க் கேளுங்கள் என்று தலையை நிமிர்த்தாமலே ஒருவர் பதில் சொன்னார். மருத்துவமனையின் பில் கவுன்ட்டரிலோ, அன்றைக்கே அனுப்பியாகிவிட்டது, நகராட்சியில் தேடச் சொல்லுங்கள் என்றார்கள். இரண்டு இடத்திலும் எழுத்தில் எதுவும் தரவில்லை. கணவரை இழந்து சில நாட்களே ஆன, அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணியை இரு தரப்பும் பேருந்தில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தன. ஒரு தொலைபேசி அழைப்பில் இருவரும் பேசித் தீர்த்திருக்க வேண்டிய விஷயம் இது. அந்த ஆற்றாமையைப் பார்த்துத்தான் அந்த நபர் அவரிடம் வந்தார்.

அவர் அரசு ஊழியர் என்று ஒருபோதும் சொல்லவில்லை. கழுத்தில் நீல நாடாவில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, கையில் விண்ணப்பப் படிவங்கள் நிறைந்த பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றை வைத்துக்கொண்டு, அலுவலகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தார். “அம்மா, நீங்க ஏன் இந்த வயசுல அலையுறீங்க? உள்ளே நம்ம ஆளுங்கதான். ஆதார் நகலும் ஆஸ்பத்திரி பேப்பரும் கொடுங்க, நான் பார்த்துக்கறேன்” என்றாராம். பணத்தை ஜிபே மூலம் அனுப்பச் சொன்னார். அனுப்பும்போது திரையில் வந்த பெயர் அவர் சொன்ன பெயராக இல்லை. மனைவியின் கணக்கு என்று விளக்கம் கொடுத்தார். மூன்றாம் நாள் லேமினேஷன் செய்த வண்ணத் தாள் ஒன்று வந்து சேர்ந்தது.

அந்தத் தாளை இப்போது எடுத்துப் பார்த்தாலும், விவரம் தெரியாதவர் சந்தேகப்பட மாட்டார். அரசு முத்திரை, பதிவு எண், கியூஆர் குறியீடு எல்லாம் இருந்தன. ஆனால் மூன்று இடங்கள் தவறாக இருந்தன. இறந்த இடம் என்ற பகுதியில் மருத்துவமனைக்குப் பதிலாகக் கிராமத்து வீட்டு முகவரி இருந்தது. வழங்கியவர் என்ற இடத்தில் வட்டாட்சியர் அலுவலக முத்திரை இருந்தது. வட்டாட்சியர் தருவது வாரிசுச் சான்றிதழ். இறப்புச் சான்றிதழில் அவர் முத்திரை வர வேண்டிய காரணமே இல்லை. மூன்றாவதாக, இறப்புக்கான காரணம் மாரடைப்பு என்று அச்சிட்டிருந்தார்கள். இறப்பின் காரணத்தைச் சான்றிதழில் வெளியிடக் கூடாது என்று சட்டத்தின் 17-ஆம் பிரிவே சொல்கிறது. காரணம் குறித்த மருத்துவரின் சான்று பதிவாளரிடம் போய்ச் சேரும். குடும்பத்துக்குத் தரப்படும் சான்றிதழில் அது வராது. பெரியம்மாவுக்கோ, மாரடைப்பு என்று சரியாக எழுதியிருந்ததே அந்தத் தாளின் மேல் நம்பிக்கை வர முக்கியக் காரணமாக இருந்தது.

வங்கியில் குட்டு வெளிப்பட்டது. சேமிப்புக் கணக்கை வாரிசுதாரருக்கு மாற்றுவதற்காகக் கொடுத்தபோது, அங்கிருந்த அதிகாரி தம் கைப்பேசியில் கியூஆர் குறியீட்டைச் சோதித்தார். திறந்த பக்கத்தில் பெரியப்பாவின் பெயரும் தேதியும் அப்படியே இருந்தன. ஆனால் அந்தப் பக்கத்தின் முகவரி அரசுத் தளத்தின் பெயரைப் போலவே தோன்றும்படி, இடையில் ஓர் எழுத்து கூட்டி அமைக்கப்பட்டிருந்தது. அந்த அதிகாரி நல்ல மனிதர். இது போலி ஆவணம், இதை வேறெங்கும் காட்டிவிடாதீர்கள், போலி என்று தெரிந்த பிறகும் பயன்படுத்தினால் உங்கள் மேலேயே வழக்கு வரும் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். இதே தாளை ஆயுள் காப்பீட்டு அலுவலகத்திலோ, பட்டா மாறுதலுக்கோ முதலில் கொடுத்திருந்தால் நிலைமை எப்படி ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

அதன்பிறகு நகராட்சிக்கு நானும் உடன் சென்றேன். மருத்துவமனை தகவலை அனுப்பவே இல்லை என்பது அங்கே உறுதியானது. இறப்பு நிகழ்ந்த 21 நாட்களுக்குள் தகவல் தந்தால் கட்டணமே கிடையாது. 21 நாள் கடந்து 30 நாட்களுக்குள் என்றால் தாமதக் கட்டணம் செலுத்தினால் போதும். 30 நாட்களுக்கு மேல், ஓராண்டுக்குள் என்றால் மேலதிகாரியின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். ஓராண்டும் கடந்துவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை வரை போக வேண்டியிருக்கும். விசாரணை, சாட்சி என்று அது நீளும். பெரியம்மா இடைத்தரகரிடம் ஆவணங்களைக் கொடுத்தபோது அந்த 21 நாட்களில் பாதிகூட முடிந்திருக்கவில்லை. வங்கியில் உண்மை தெரிந்தபோது நாங்கள் மூன்றாம் நிலைக்குப் போயிருந்தோம்.

மருத்துவமனையின் நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, அதன் நகலை நகராட்சி ஆணையருக்கும் அனுப்பிய பிறகுதான் வேலை நகர்ந்தது. வாய்மொழியாகக் கேட்டபோதெல்லாம் அனுப்பியாகிவிட்டது என்றவர்கள், கடிதம் கிடைத்ததும் விடுபட்டுவிட்டது என்று ஒப்புக்கொண்டு இறப்பறிக்கையைப் பதிவாளருக்கு அனுப்பினார்கள். ஆகவே மருத்துவமனையிலிருந்து உடலைப் பெற்றுக்கொள்ளும்போதே, இறப்பறிக்கை எந்த அலுவலகத்துக்குப் போகிறது, யார் அனுப்புகிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது மிகவும் நல்லது. துக்கத்தில் இருப்பவர்களால் முடியாது. உடன் வந்த உறவினர் ஒருவர் இதைப் பொறுப்பாகச் செய்ய வேண்டும். மருத்துவமனை கையில் தருகிற தாளைச் சான்றிதழ் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது அடக்கத்துக்கும் பதிவுக்கும் உதவும் ஆவணம் மட்டுமே. வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் அதை ஏற்காது.

இறப்பறிக்கையில் எழுதப்படும் பெயரையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். பெரியப்பாவின் ஆதாரில் முதலெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கிறது, வங்கிப் புத்தகத்தில் முன்னால் இருக்கிறது, மருத்துவமனைக் கோப்பிலோ முதலெழுத்தே இல்லை. எங்களுக்கு அறிக்கை தாமதமாகப் போனதால் நேர்ந்த ஒரே நன்மை, அதை அனுப்பும் முன்பே ஆதாரில் உள்ளபடி பெயரையும், பெரியம்மாவின் பெயரையும் திருத்தி எழுத வைக்க முடிந்ததுதான். பதிவேட்டில் ஏறிய பிறகு திருத்த வேண்டுமானால் அதற்குத் தனி விண்ணப்பமும் ஆதாரங்களும் வேண்டும்.

அனுமதி கிடைத்துப் பதிவு முடிந்ததும் சான்றிதழ் வந்தது. தாமதக் கட்டணம் போக நாங்கள் எதுவும் செலுத்தவில்லை. பதிவு முடிந்ததும், 7 நாட்களுக்கு மிகாமல், தகவல் தந்தவருக்குச் சான்றிதழை இலவசமாக வழங்க வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சட்டத்திலேயே இருக்கிறது. பதிவாளரின் நடவடிக்கையில் குறை இருந்தால் 30 நாட்களுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யவும் அதே திருத்தம் வழி செய்திருக்கிறது. வரவில்லை, போய்க் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பும் அலுவலகத்தில் இந்த இரண்டையும் எடுத்துச் சொல்லுங்கள். மனுவை எழுத்தில் கொடுத்து, அதன் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பதில் வராவிட்டால் முதல்வரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

சான்றிதழைச் சரிபார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இணைய முகவரியின் முடிவை மட்டும் பார்த்து அது அரசுத் தளமா என்று முடிவு செய்ய முடியாது. தமிழ்நாட்டின் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்த் தளமே ‘கவ் டாட் இன்’ என்று முடிவதில்லை. கியூஆர் குறியீடு எங்கே கொண்டுபோகிறதோ அதையும் நம்பாதீர்கள். பதிவாளர் அலுவலகத்தில் தளத்தின் முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய், பதிவு விவரத்தைத் தேடுங்கள். அங்கே இல்லாத சான்றிதழ் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் ஏற்காதீர்கள்.

காவல் நிலையத்தில் பணப் பரிமாற்ற விவரத்தோடு புகார் கொடுத்து ரசீது பெற்றிருக்கிறோம். இணையவழியில் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எங்களுக்கு உண்மை தெரியவந்தபோது அந்தக் கணக்கில் பணம் எதுவும் மிச்சமிருக்கவில்லை. பெரியம்மாவின் ஆதார் நகல் இன்னும் அந்த நபரிடம்தான் இருக்கிறது என்பதால், அவருடைய ஆதாரின் பயோமெட்ரிக் விவரங்களைப் பூட்டி வைத்திருக்கிறோம். அந்த நபரின் பழைய கைப்பேசி எண் இப்போது வேலை செய்வதில்லை. ஆனால் அதே நீல நாடா அட்டையோடும் அதே பேச்சோடும் ஒருவர் எங்கள் பக்கத்து ஊர்க் குடும்பம் ஒன்றைப் போன வாரம் அணுகியிருக்கிறார். அவர்கள் கேட்டுவிட்டுப் பணம் தராமல் நேராகச் சுகாதாரப் பிரிவுக்குப் போய், பதிவு எண்ணை வாங்கி வந்துவிட்டார்கள்.