புள்ளிக் கண்ணா, முழுக் கண்ணா? ஈயச் சிப்பாய்க்கு முகம் எழுத இரண்டு வழிகள்

54 மில்லிமீட்டர் உயரச் சிப்பாயின் தலை ஒரு கொண்டைக்கடலை அளவுதான். அதில் கண் எழுத இரண்டு வழி உண்டு. பழைய பொம்மைக்காரர்கள் வைத்த மாதிரி இரண்டு கறுப்புப் புள்ளி. இல்லையென்றால் வெள்ளைவிழி, கருவிழி, இமைக்கோடு என்று முழுக் கண். நான் புள்ளிக் கட்சி, ஆனால் எல்லாப் பொம்மைக்கும் அல்ல.

லண்டனில் வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார் 1893இல் உள்ளே கூடான ஈயச் சிப்பாய்களை வார்க்க ஆரம்பித்தார்கள். உருக்கிய கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுவில் இருப்பதைத் திரும்பக் கொட்டிவிடுவார்கள். ஈயம் மிச்சம். கெட்டியாக வார்த்த ஜெர்மன் பொம்மைகளைவிட மலிவாக விற்க முடிந்தது இதனால்தான். அந்த விலைக்கு முகத்தில் யார் மெனக்கெடுவார்கள்? பளபளக்கும் எனாமலில் இளஞ்சிவப்பு முகம், இரண்டு புள்ளி, ஒரே இழுப்பில் மீசை, கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு. தீர்ந்தது வேலை.

இந்தப் பாணி வார்ப்பில் முகம் மழமழவென்றுதான் இருக்கும். இமை விளிம்பு என்று ஒன்று தெரியாது. அதன்மேல் வெள்ளைவிழி வைத்தால் பேயைக் கண்டவன் மாதிரி முழிப்பான். பளபளப்பும் ஒத்துழைக்காது: கண்குழியில் ஒளி தெறித்து, பாடுபட்டுப் போட்ட நிழலை மறைத்துவிடும்.

முழுக் கண் பொருந்துவது இமையும் கண்குழியும் கூர்மையாகச் செதுக்கிய, மங்கல் பூச்சு போடும் உருவங்களுக்கு. அங்கே புள்ளி வைத்தால்தான் பாதியில் விட்டது போலிருக்கும். தூய வெள்ளை வேண்டாம், துளி தோல்நிறம் கலந்த வெள்ளை போதும். கருவிழி மேல் இமையையும் கீழ் இமையையும் தொட வேண்டும்; சுற்றிலும் வெள்ளை தெரிந்தால் மறுபடியும் அதே முழிப்பு. மேல் இமைக்குக் கரும்பழுப்புக் கோடு, கீழே ஒன்றும் வேண்டாம். பார்வையைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் மாறுகண் பிரச்சினை பெரும்பாலும் தப்பிவிடும்.

புள்ளிக்குப் பிரஷைவிடக் குண்டூசி மேல் என்பேன். தலைப்பக்கம் வேண்டாம், முனைப்பக்கம். முனையைப் பெயிண்டில் தொட்டு, முதலில் நகத்தில் ஒரு புள்ளி வைத்து அளவைப் பாருங்கள். நகத்தில் பெரிதாக விழுந்தால் முகத்திலும் பெரிதாகத்தான் விழும். முழுக் கண்ணுக்கு ஊசி உதவாது; நல்ல முனையுள்ள பிரஷ் வேண்டும். மிக மெல்லியதை வாங்காதீர்கள், முகத்துக்குப் போவதற்குள் பெயிண்ட் அதிலேயே காய்ந்துவிடும்.

பெயிண்டில் எண்ணெய் சார்ந்த எனாமலா, தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக்கா என்றால், இரண்டும். முகத்துக்கு அக்ரிலிக், சீக்கிரம் காயும். கண்ணுக்கு மட்டும் எனாமல். புள்ளி கோணலானால் எனாமலைக் கரைக்கும் ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷால் துடைத்துவிடலாம், அடியில் நன்றாகக் காய்ந்த அக்ரிலிக் அசையாது. எல்லாவற்றையும் எனாமலில் செய்தால் துடைக்கும்போது கன்னமும் கூடவே வந்துவிடும் அபாயம் உண்டு. பழைய பளபளப்புக்குக் கடைசியில் வார்னிஷ், ஆனால் கண் முழுக்கக் காய்ந்த பிறகு.

பிரஷ் முனையை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கம் ஈயத்தோடு ஆகவே ஆகாது. அப்புறம், கையில் இருப்பது 1966க்கு முந்தைய, அந்த பிரிட்டன் குடும்பத்தாரின் 'பிரிட்டன்ஸ்' நிறுவனம் செய்த அசல் ஈயப் பொம்மை என்றால், பெயிண்ட் எவ்வளவு உதிர்ந்திருந்தாலும் புதுக் கண் வைக்காதீர்கள். சேகரிப்பாளர்கள் விலை கொடுப்பது அந்தப் பழைய பூச்சுக்குத்தான்.