அறைக்கு ஏற்ப ஆடியோவை ட்யூன் செய்ய வருபவரிடம் முதலில் மைக்கைக் காட்டச் சொல்லுங்கள்

ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். கோவையில் எங்கள் வீட்டில் நடந்தது. கேலிப்ரேஷனுக்கு, அதாவது அறையை அளந்து ஒலியைச் சரிசெய்வதற்கு, 15,000 ரூபாய், சுவரில் ஒட்டிய ஃபோமுக்கு 22,000, அதன் பிறகு கெட்டுப்போன சப்வூஃபரை (தாழ்ந்த சுரங்களுக்கான ஸ்பீக்கர்) சரிசெய்ய 6,500. இவ்வளவும் போனது, ஒரு சோபாவை இரண்டடி நகர்த்தினால் பெரும்பாலும் தீர்ந்திருக்கும் பிரச்சினைக்கு.

எங்கள் ஹால் 14 அடி நீளம். சோபா சரியாக நடுவில் இருந்தது. பாட்டில் பேஸ் கிட்டாரைத் தேடிக் கேட்கிற ஆள் நான். சில சுரங்கள் காதை அடைக்கிற மாதிரி முழங்கும், சில சுரங்கள் இருக்கிற இடமே தெரியாது. ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) வாங்கிய கடையில் சொன்னேன். "ரூமுக்கு ஏத்த மாதிரி ட்யூன் பண்ணணும் சார், நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார்" என்று அனுப்பி வைத்தார்கள்.

வந்தவரிடம் லேப்டாப்பும் செல்போனும்தான் இருந்தன. தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. "நிறுத்தட்டுங்களா?" என்று என் மனைவி கேட்டதற்கு, "வேண்டாங்க மேடம், சாஃப்ட்வேர் பார்த்துக்கும்" என்றார். போனைக் கையில் பிடித்தபடி சோபா பக்கத்தில் நின்று இரண்டே முறை அளந்தார். ரிசீவரோடு வந்த அளவீட்டு மைக் பெட்டியில் பிரிக்காமல் கிடந்தது, அதை அவர் கேட்கவே இல்லை. "40 ஹெர்ட்ஸ்ல பெரிய பள்ளம் சார், 9 டெசிபல் ஏத்தி விட்டுட்டேன்" என்றார். அந்தத் தாழ்ந்த சுரம் மட்டும் மிகக் குறைவாகக் கேட்கிறது என்று அர்த்தம். அப்புறம் முழக்கத்தைக் குறைக்க என்று 2 அங்குல ஃபோம் ஒட்டினார்கள்.

பள்ளம் இருந்தது உண்மைதான். ஆனால் அது ஸ்பீக்கரின் குறை இல்லை. 14 அடி என்றால் சுமார் 4.27 மீட்டர். ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை அந்த நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் 40 ஹெர்ட்ஸ் வரும். அந்த அலை முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையில் நிலைகொள்ளும்போது, நட்டநடுவில் அழுத்தம் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. 80 ஹெர்ட்ஸுக்கோ அதே இடம் உச்சம். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸ், ஒரு ஸ்தாயி மேலே போனால் 82. ஒன்று காணாமல் போய் இன்னொன்று முழங்கியது இதனால்தான்.

இந்த மாதிரிப் பள்ளத்தை ஈக்வலைசரால் (ஒவ்வொரு சுரத்தின் அளவையும் தனியாக ஏற்றி இறக்கும் வசதி) நிரப்ப முடியாது. 9 டெசிபல் ஏற்றினால் அந்த அலைவரிசையில் ஆம்ப் எட்டு மடங்கு திறன் கொடுக்க வேண்டும். சமையலறைப் பாத்திரங்கள் அதிர்ந்தன, சோபாவில் உட்கார்ந்த எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு சண்டைக் காட்சியில் சப்வூஃபர் டக் டக் என்று அடித்து ஓய்ந்தது. உள்ளே இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) போய்விட்டது. ஃபோமும் வீண். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர், 80 ஹெர்ட்ஸுக்கு நாலேகால். 2 அங்குலம் அதை என்ன செய்யும்? அது விழுங்கியது மேல் சுரங்களைத்தான். பாடகர்களின் குரல் மங்கியது மட்டும் மிச்சம்.

எனக்கு உண்மையாகவே வயிறு எரிந்தது அவர் கொடுத்த ரிப்போர்ட்டைப் பிறகு உட்கார்ந்து பார்த்தபோதுதான். அழகான, வழவழப்பான கோடு. மூலையில் இருந்த தேதி, அவர் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு நான்கு மாதம் முந்தையது. வேறு யாருடைய அறையோ.

சோபாவைப் பின்னால் இரண்டடி தள்ளினேன். யூமிக்-1 என்ற அளவீட்டு மைக் ஒன்றை வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளில் நானே அளந்தேன். இந்த மைக் ஒவ்வொன்றுக்கும் அதன் வரிசை எண்ணை வைத்து, மைக்கின் சொந்தப் பிழையைச் சரிசெய்யும் தனித் திருத்தக் கோப்பு கிடைக்கும். அதை ஏற்றாமல் அளப்பவரை நம்பாதீர்கள். மைக் ஸ்டாண்டில், காது உயரத்தில் நிற்கட்டும், ஃபேனும் ஏசியும் நிற்கட்டும். வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகளை உங்கள் கண் முன்னே காட்டச் சொல்லுங்கள். பள்ளத்தை ஏற்றுகிறேன் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். முழக்கத்தை இறக்குவதுதான் ஈக்வலைசரால் ஒழுங்காக முடிகிற வேலை.

கடையில் கேட்டால், "அவர் எங்க ஸ்டாஃப் இல்லைங்க" என்கிறார்கள். பணம் போனில் அனுப்பியது, பில் கிடையாது. போன வாரம் அதே ஆள் எங்கள் அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடிக்கு வந்து போனதாக வாட்ச்மேன் அண்ணன் சொன்னார். இன்று சாயங்காலம் மைக்கை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறேன்.