மூலப்பத்திரம் கேட்கும் நூலகம்: பாஸ்டன், நியூபரி தெரு

பதிவுத்துறையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு பத்திரம் கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது விலையையோ நான்கு எல்லையையோ அல்ல. 'இந்தச் சொத்து எனக்கு இன்ன வகையில் பாத்தியப்பட்டது' என்று வருமே, அந்த வரியைத்தான். அந்த வரி சரியில்லை என்றால் மற்றதெல்லாம் வெறும் முத்திரைத்தாள். இந்தப் புத்தியோடுதான் 2019 கோடையில் மகள் வீட்டுக்கு மாசசூசெட்ஸ் போனேன். போன இடத்தில் மாப்பிள்ளை வீட்டு வம்சாவளியைத் தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

சங்கதி இதுதான். சம்பந்தியம்மாவுக்கு அந்த வருடம் எழுபது வயது. "நாங்கள் மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்கள்" என்று அவர் அம்மா சொல்லி வைத்திருக்கிறார். 1620-ல் இங்கிலாந்திலிருந்து 102 பேரை ஏற்றிக்கொண்டு, இன்றைய மாசசூசெட்ஸில் இருக்கும் பிளிமத்தில் கரை சேர்த்த அதே கப்பல்தான். அதில் வந்தவர்களின் சந்ததி என்று நிரூபித்தால் சேர்த்துக்கொள்ள 1897-ல் தொடங்கிய ஒரு சங்கம் இருக்கிறது. பிறந்தநாள் பரிசாக அம்மாவை அதில் உறுப்பினராக்கிவிட வேண்டும் என்பது மாப்பிள்ளையின் ஆசை.

மாப்பிள்ளை செய்த முதல் காரியம், சந்தா வாங்கும் ஒரு வம்சாவளித் தளத்தில் பணம் கட்டியது. பெயர் வேண்டாம். இந்த மாதிரித் தளங்கள் பல இருக்கின்றன, எல்லாவற்றையும் நான் பார்த்ததில்லை. அம்மா பெயர், பாட்டி பெயர், பிறந்த ஊர் எல்லாம் கொடுத்தார். நான் காபி குடித்து முடிப்பதற்குள் 13 தலைமுறை மரம் தயார். உச்சியில் மேஃப்ளவரில் வந்த ஸ்டீபன் ஹாப்கின்ஸ். "மாமா, முடிஞ்சது!" என்றார், அவருக்குத் தெரிந்த தமிழில்.

மடிக்கணினியை வாங்கி ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தேன். எட்டாவது தலைமுறையில் ஒருவர், தன் அப்பா இறந்து இரண்டு வருடம் கழித்துப் பிறந்திருக்கிறார். இன்னொரு இடத்தில் ஒரு பெண் ஒன்பது வயதில் தாயாகியிருக்கிறார். இதற்கெல்லாம் ஆதாரம் என்ன என்று அழுத்திப் பார்த்தால், இன்னொருவர் போட்ட மரம் வருகிறது. அதற்கு ஆதாரம் மூன்றாமவர் மரம். மூன்றாமவருக்கு ஆதாரம் முதலாமவர். எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு பத்திரம் வந்திருந்தால் எழுதியவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருப்போம்.

உச்சியில் இருந்த ஹாப்கின்ஸ் கதையே கோணலாக இருந்தது. அவர் குளோஸ்டர்ஷயரில் வாட்டன்-அண்டர்-எட்ஜ் என்ற ஊர்க்காரர், அடுத்த தலைமுறையாக வரும் மகள் கான்ஸ்டன்ஸைப் பெற்றவள் கான்ஸ்டன்ஸ் டட்லி என்று மரம் சொன்னது. பழைய காலத்தில் பல பேர் நம்பிய கதைதான். ஆனால் ஹாம்ப்ஷயர் மாவட்டத்து ஹர்ஸ்லி தேவாலயப் பதிவேட்டில் ஸ்டீபன் ஹாப்கின்ஸின் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவுகள் இருப்பதை 1998-ல் ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்து வெளியிட்டுவிட்டார். கான்ஸ்டன்ஸுக்கு 1606 மே 11. தாய் பெயர் மேரி, அவர் அதே ஊரில் 1613 மே மாதம் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 20 வருடத்துக்கு மேல் தெரிந்த விஷயம் காசு கட்டிய தளத்து மரத்தில் ஏறவில்லை.

இந்த விவரமெல்லாம் எனக்கு எங்கே கிடைத்தது? பாஸ்டன் நியூபரி தெருவில், நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிக் கழகத்தின் நூலகத்தில். 1845-ல் தொடங்கியது, அமெரிக்காவில் இந்த வகையில் மூத்த கழகம் இதுதான். இந்த மதிப்புரையே அந்த நூலகத்தைப் பற்றித்தான். தளத்தின் கதை வழியில் வந்துவிட்டது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காரில் போகாதீர்கள். நியூபரி தெரு நம்ம தி.நகர் மாதிரி கடைத்தெரு, விலை மட்டும் பத்து மடங்கு. கார் நிறுத்தக் கொடுக்கும் காசில் ஒரு குடும்பம் சாப்பிடலாம். கிரீன் லைன் ரயிலில் ஆர்லிங்டன் நிறுத்தத்தில் இறங்கினால் நடை தூரம்தான். உள்ளே ஏசி குளிரும், வெயில் காலமானாலும் ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும்.

உள்ளே போனதும் எனக்குப் பதிவறை ஞாபகம் வந்துவிட்டது. ஊர் ஊராகப் பிறப்பு, திருமணம், இறப்புத் தொகுதிகள், உயில் பிரதிகள், மைக்ரோஃபிலிம், கல்லறைக் கல்வெட்டு நகல்கள். விசாரணை மேசையில் இருந்த அம்மாளிடம் என் ஓட்டை ஆங்கிலத்தில், "இந்தக் கான்ஸ்டன்ஸ் வழியில் 13 தலைமுறை, எங்கே தொடங்கலாம்?" என்றேன். அவர் மரத்தைப் பார்க்கவே இல்லை. "உங்கள் சம்பந்தியம்மாவின் பிறப்புச் சான்றிதழ் கொண்டுவந்தீர்களா?" என்றார். அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது. மேலிருந்து கீழே வராதே, கீழிருந்து மேலே போ. நானும் இதைத்தானே 31 வருடம் சொன்னேன்!

அவர் சொன்ன கணக்கு எளிது. 13 பேர் என்றால் நடுவில் 12 கண்ணி. ஒவ்வொரு கண்ணிக்கும், 'இவர் இன்னாருடைய மகன் அல்லது மகள்' என்று சொல்லும் காகிதம் வேண்டும். மேலே உள்ள ஐந்து தலைமுறைகளைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டாம். மேஃப்ளவர் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் ஐந்து தலைமுறை வரை ஆதாரத்தோடு ஆராய்ந்து, வெள்ளி நிற அட்டை போட்டுத் தொகுதிகள் வெளியிட்டிருக்கிறார்கள். ஐந்தாம் தலைமுறையின் பிள்ளைகள் பெயர் வரை அதிலேயே வந்துவிடும். அங்கிருந்து இந்தப் பக்கம் நம் பாடு.

கீழே நான்கு கண்ணி சுலபமாக ஏறியது. 1880-லிருந்துதான் மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று எழுதியிருக்கிறார்கள். 1850 கணக்கில் வீட்டிலுள்ள எல்லாருடைய பெயரும் இருக்கும், உறவு இருக்காது. அதற்கு முன்னே குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மீதிப்பேர் வெறும் எண்ணிக்கை. ஆக, 1850-ஐத் தாண்டியதும் தரையே இல்லாமல் போகிறது. இந்தக் குடும்பம் வேறு, மாசசூசெட்ஸ் கடற்கரையில் இருக்கும் கேப் காடை விட்டு வடக்கே மேய்ன் மாநிலத்துக்குக் குடி போயிருக்கிறது. (மேய்ன் 1820 வரை மாசசூசெட்ஸில் ஒரு பகுதி. இது தெரியாமல் ஒரு நாள் முழுக்கத் தப்பான அலமாரியில் தேடினேன்.)

சிக்கிக்கொண்டது ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில். ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர், சீனியர், ஜூனியர் என்று. தளம் இரண்டு பேரையும் ஒருவராக்கியதால்தான் செத்த அப்பாவுக்குப் பிள்ளை பிறந்தது. நானாவது சரியாகச் செய்கிறேன் என்று அப்பாவும் மகனுமாக எழுதி வைத்தேன். அந்த அம்மாள் சிரித்தார். அந்தக் காலத்தில் சீனியர், ஜூனியர் என்றால் அப்பா, மகன் என்று அர்த்தமில்லையாம். ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் வயதில் மூத்தவர் சீனியர், அவ்வளவுதான். மூத்தவர் இறந்துவிட்டால் ஜூனியர் அடுத்த நாளே சீனியராகிவிடுவார். எங்கள் ஊரில் பெரிய மாடசாமி, சின்ன மாடசாமி என்று இருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

உறவுச் சொற்களும் இப்படித்தான் காலை வாரும். மனைவியின் முதல் தாரத்து மகனையும் அன்றைக்கு 'சன்-இன்-லா' என்றே எழுதியிருக்கிறார்கள். அண்ணன் மகனுக்கும் 'கசின்'. சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லாரும் 'அங்கிள்' என்கிற மொழியில் வாரிசுச் சான்று கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே உட்கார்ந்துதான் புரிந்தது.

தேதியிலும் ஒரு பொறி வைத்திருக்கிறார்கள். ஹர்ஸ்லி பதிவேட்டில் கான்ஸ்டன்ஸின் தம்பி கைல்ஸுக்கு ஞானஸ்நானம் 1607/8 ஜனவரி 30. எழுத்துப்பிழை என்று நினைத்தேன். அப்போது இங்கிலாந்தில் வருடம் மாறுவது மார்ச் 25-ல். நமக்குச் சித்திரை முதல் தேதி மாதிரி. ஆகவே ஜனவரியில் பிறந்தவன் அவர்கள் கணக்கில் 1607, நம் கணக்கில் 1608. குடியேற்ற நாடுகளிலும் இதே கணக்குத்தான், 1752 வரைக்கும். அந்த வருடம் காலண்டரைத் திருத்தியபோது செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. நடுவே 11 நாள் காணோம். இது தெரியாமல் தேதியைக் கூட்டிக் கழித்தால் தம்பி அண்ணனாகிவிடுவான்.

சரி, ஏழாவது கண்ணிக்கு வருகிறேன். மூன்றாம் நாள் அதே அம்மாள், "இவர் சுதந்திரப் போரில் இருந்தாரா?" என்று கேட்டார். இருந்தால் பென்ஷன் கோப்பு இருக்கும், அவர் பெறாவிட்டாலும் விதவை மனு போட்டிருக்கலாம் என்றார். 1794-க்கு முன் திருமணமான போர்வீரர் விதவைகளுக்கு 1838-ல் ஒரு சட்டம் போட்டு ஐந்து வருடம் பென்ஷன் கொடுத்திருக்கிறார்கள். பென்ஷன் வேண்டும் என்றால் திருமணத்தை நிரூபிக்க வேண்டும். சான்றிதழ் இல்லாத கிழவிகள் என்ன செய்வார்கள்? வீட்டு பைபிளில் பிறப்பு, திருமணம் எழுதி வைத்த தாளைக் கிழித்து மனுவோடு இணைத்துவிட்டார்கள். அந்தக் கோப்புகள் இன்றைக்கும் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நூலகக் கணினியிலேயே படம் படமாகப் பார்க்கலாம்.

எங்கள் கோப்பு 40-க்கும் மேற்பட்ட பக்கம். ஏறக்குறைய முப்பதாவது பக்கத்தில் அந்தத் தாள். ஓரம் கோணல் மாணலாகக் கிழிந்திருந்தது, அவசரத்தில் கையாலேயே கிழித்த மாதிரி. மேலே திருமணத் தேதி, கீழே ஒன்பது பிள்ளைகள். முதல் ஆறு பேரும் ஒரே மையில், கடைசி மூவர் வேறு கை. ஐந்தாவது பெயர் நம் ஆள். கீழே சாட்சி சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்து, விதவையின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. எங்கள் ஊர்ப் பத்திரங்களில் பெருவிரல் ரேகைக்குப் பக்கத்தில் 'கீறல்' என்று எழுதுவோமே, அதேதான். நான் கொஞ்ச நேரம் அடுத்த படத்துக்குப் போகவில்லை.

இப்படி நேரம் போட்டுத் தேட மனமில்லாதவர்களுக்கு இந்த நூலகம் பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு நாள் போனேன், ஒரே ஒரு கண்ணிதான் கிடைத்தது. ஆனால் அது ஒரிஜினல். மற்ற கண்ணிகளுக்கான நகர அலுவலகச் சான்றிதழ்களை மகளும் மாப்பிள்ளையும் ஒவ்வொன்றாகத் தபாலில் எழுதி வாங்கினார்கள், அதற்கு ஒரு குளிர்காலம் போனது.

மதிப்பெண் கேட்டால் நூலகத்துக்கு ஐந்துக்கு ஐந்து. தளத்துக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் பாட்டி பெயரைச் சரியான எழுத்துக் கூட்டலில் காட்டியதற்காக.

ஒன்று விட்டுப்போனது. ஆறாவது நாள் கடைசி ஒரு மணி நேரம் எனக்கு வேலை இல்லை. ஆசைக்காக ஸ்டீபன் ஹாப்கின்ஸின் உயிலை எடுத்துத் தரச் சொல்லி, அச்சுப் பிரதியில் படித்தேன். 1644 ஜூன் 6-ல் எழுதியது. ஆள் லேசுப்பட்டவர் அல்ல. மேஃப்ளவருக்கு முன்னாலேயே 1609-ல் கப்பல் உடைந்து பெர்முடா தீவில் சிக்கி, அங்கே கலகம் செய்தார் என்று மரண தண்டனை விதிக்கப்பட்டு, அழுது மன்னிப்பு வாங்கித் தப்பியவர். அப்படிப்பட்டவர் உயிலில் என்னென்ன பிரித்திருக்கிறார் என்று பார்த்தால், பாதிக்கு மேல் மாடு. கான்ஸ்டன்ஸுக்கு ஒரு பெண்குதிரை: 'என் மகள் கான்ஸ்டன்ஸ் ஸ்னோ, நிக்கோலஸ் ஸ்னோவின் மனைவி' என்று தெளிவாக எழுதியிருக்கிறார், முதல் கண்ணிக்கு அந்த ஒரு வரி போதும். கைல்ஸுக்கு, மிஸஸ் வாரன் வசம் இருக்கும் பெரிய காளை. அந்தக் காளைக்கு மிஸஸ் வாரன் தர வேண்டிய வாடகை இருபது ஷில்லிங், கைல்ஸின் மகனுக்கு. மற்ற மகள்களில் எலிசபெத்துக்கு மற்றவற்றோடு வாலில்லாத ஒரு கிடாரி. மோட்லி என்கிற பசுவில் பாதி டெபோராவுக்கு, பாதி டாமரிஸுக்கு.

சம்பந்தியம்மாவிடம் போனில் இதைப் படித்துக் காட்டினேன். அவர் கப்பலைப் பற்றியோ பெர்முடாவைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "மோட்லியை யார் கறந்தது?" என்றார்.