‘முழு செட்’ எக்ஸ்-மென் தொகுப்பு: பணம் கட்டுமுன் இதழ் எண்களைக் கேளுங்கள்

“எக்ஸ்-மென், ஆரம்பத்திலிருந்து டார்க் ஃபீனிக்ஸ் முடிவு வரை, முழு செட், கலர், ஹார்ட்கவர்.” மார்வெல் காமிக்ஸின் சூப்பர்ஹீரோ அணியான எக்ஸ்-மென்னின் கதைத் தொகுப்புக்கு வந்த விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான். பார்சலில் வந்தவை நான்கு புத்தகங்கள். ஒன்று கறுப்பு வெள்ளை. ஒன்று கதை பாதியில் நின்றுபோகும் தொகுதி. ஒன்று பிற்காலத்தில் திருத்தி வெளியிட்ட இதழ்களை யாரோ சேர்த்துத் தைத்தது. நான்காவது அப்பட்டமான கள்ளப் பிரதி. கேட்டதற்கு, “நீங்கள் கேட்ட பெயர்தானே அட்டையில் இருக்கிறது” என்று சொல்லி, திரும்ப எடுக்க மறுத்துவிட்டார் விற்றவர். பழைய சூப்பர்ஹீரோ அணிக் கதைகளைத் தொகுப்பாக வாங்கத் தொடங்கும் எவரையும் இதே வழியில் ஏமாற்றலாம். அதனால்தான் இந்தப் பதிவு.

ஏமாற்று எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிய, முதலில் இதழ்க் கணக்கு தெரிய வேண்டும். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய எக்ஸ்-மென் முதல் இதழ் 1963 செப்டம்பர் தேதியிட்டது. 1970 மார்ச் மாதத்தின் 66-ஆம் இதழோடு புதுக் கதைகள் நின்றன. 67 முதல் 93 வரை பழைய கதைகளையே மறுபடி அச்சிட்டார்கள். 1975-இல் லென் வீன் எழுத, டேவ் காக்ரம் வரைந்த ‘ஜெயன்ட்-சைஸ் எக்ஸ்-மென்’ முதல் இதழில் புது அணி வந்தது. 94-ஆம் இதழிலிருந்து கிறிஸ் கிளேர்மான்ட் எழுத்து. 108-இல் ஜான் பைர்ன் ஓவியராகச் சேர்ந்து 143 வரை இருந்தார். ஆகவே ‘ஆரம்பத்திலிருந்து’ என்றால் 1963-ஆ, 1975-ஆ என்று முதலில் கேளுங்கள். 67–93 இதழ்களை ‘எந்தத் தொகுப்பிலும் வராத அரிய கதைகள்’ என்று யாராவது விலை சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். அவை ஏற்கெனவே வந்த கதைகள்.

இனி பார்சலுக்கு வருவோம்.

முதல் புத்தகம் ‘எசென்ஷியல்’ வரிசை. 1996-இல் தொடங்கிய இந்த வரிசை, மலிவுத் தாளில் கறுப்பு வெள்ளையில் 500 பக்கம் அளவுக்கு அச்சான பேப்பர்பேக். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பைர்னின் கோட்டுக்கு டெர்ரி ஆஸ்டின் மை பூசிய பக்கங்கள் வண்ணமில்லாமலும் அழகாகவே இருக்கும். ஆனால் கலர் என்று சொல்லி இதை அனுப்புவது மோசடி. அணியில் ஒருத்தியான ஃபீனிக்ஸ் தீயவளாக, டார்க் ஃபீனிக்ஸாக ஆகும்போது அவளது பச்சை உடை சிவப்பாக மாறுவது கதையின் திருப்பம்; கறுப்பு வெள்ளையில் அது கண்ணுக்கே தெரியாது. இந்த வரிசையில் பெயர்க் குழப்பமும் உண்டு. ‘எசென்ஷியல் எக்ஸ்-மென்’ முதல் தொகுதி 1975-இன் புது அணியில் தொடங்கி 119 வரை போகும். ‘எசென்ஷியல் அன்கேன்னி எக்ஸ்-மென்’ முதல் தொகுதியில் இருப்பதோ 1960-களின் 1–24. அதையே பிறகு ‘எசென்ஷியல் கிளாசிக் எக்ஸ்-மென்’ என்று பெயர் மாற்றினார்கள். இரண்டும் ‘தொகுதி 1’ என்பதால், அட்டைப் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் தவறிவிடும்.

இரண்டாவது, ‘அன்கேன்னி எக்ஸ்-மென் ஆம்னிபஸ்’ முதல் தொகுதி. ஆம்னிபஸ் என்பது பல இதழ்களை ஒரே தடித்த ஹார்ட்கவரில் தரும் கலர் பதிப்பு. அசல்தான், நல்ல பதிப்புதான். இதில் இருப்பவை ஜெயன்ட்-சைஸ் முதல் இதழ், 94 முதல் 131, ஆண்டு மலர் 3. டார்க் ஃபீனிக்ஸ் கதை 129-இல் சூடுபிடித்து 137-இல் முடிகிறது. அதாவது மூன்று இதழ் படித்து, ஹெல்ஃபயர் கிளப் என்ற எதிரிக் கூட்டத்தோடு மோதல் முற்றும் நேரத்தில் புத்தகம் முடிந்துவிடும். 132 அடுத்த தொகுதியில். பழைய இதழ்களைக் கலரில் மறுபதிப்பிடும் ‘மாஸ்டர்வொர்க்ஸ்’ வரிசையிலும் ‘அன்கேன்னி எக்ஸ்-மென்’ நான்காம் தொகுதி இதே 131-இல்தான் நிற்கிறது. இது பதிப்பகம் பிரித்த விதம். அது தெரிந்தும் ‘முடிவு வரை’ என்று விளம்பரம் எழுதியதுதான் குற்றம். அந்தக் கதை மட்டும் போதுமென்றால் 129–137 அடங்கிய தனி பேப்பர்பேக் பல பதிப்புகளாக வந்திருக்கிறது, அதை வாங்குங்கள்.

மாஸ்டர்வொர்க்ஸ் வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1987-இல் தொடங்கிய அந்த வரிசையில் மொத்த வரிசை எண் வேறு, தலைப்புக்குள்ளான எண் வேறு. வரிசையின் மூன்றாம் புத்தகம்தான் எக்ஸ்-மென் முதல் தொகுதி. ‘எபிக் கலெக்‌ஷன்’ என்ற கலர் பேப்பர்பேக் வரிசையின் எண்கள் கதை ஓட்டத்தின்படி போடப்பட்டவை; புத்தகங்கள் அந்த வரிசையில் வெளிவரவில்லை.

மூன்றாவது, 1986-இல் தொடங்கிய ‘கிளாசிக் எக்ஸ்-மென்’ இதழ்கள். பழைய கதைகளை மறுபதிப்பிடும்போது அங்கங்கே பக்கங்களைச் சேர்த்தும் மாற்றியும், பின்னால் புதுச் சிறுகதைகள் இணைத்தும் வந்தவை. ஜான் போல்டன் வரைந்த அந்தச் சிறுகதைகள் தனியாகவே வாங்கத் தகுந்தவை. ஆனால் 1975-இல் வாசகர் படித்த வடிவம் இதுவல்ல. பார்சலில் வந்ததை உள்ளூர் பைண்டிங் போட்டு, மூன்று பக்கமும் வெட்டியிருந்தார்கள். ஓரத்து வசனக் குமிழ்களில் எழுத்தே போயிருந்தது.

நான்காவதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் திரியும் ஸ்கேன் கோப்புகளை இறக்கி, டிஜிட்டல் அச்சில் போட்டு, கெட்டி அட்டை ஒட்டி விற்கிறார்கள். கண்டுபிடிக்க இதைச் செய்யுங்கள். ஏதாவது ஒரு முகத்தின் கறுப்புக் கோட்டை உருப்பெருக்கியால் பாருங்கள். அசலில் கோடு கூர்மையாக இருக்கும். கள்ளப் பிரதியில் ஓரம் மங்கி, சுற்றிலும் சாம்பல் நிறப் புள்ளி தூவினாற்போல் இருக்கும். இரட்டைப் பக்கப் படம் எதிரெதிர்ப் பக்கங்களில் விழுகிறதா என்று பாருங்கள். கோப்பை வரிசையாக அச்சிடும்போது ஒரு பக்கம் தள்ளிப்போனால், படத்தின் பாதி தாளின் பின்பக்கம் போய்விடும். அடுத்து முதுகின் மேல்விளிம்பு. அசல் ஆம்னிபஸ் ஃபாரம் ஃபாரமாக, அதாவது மடித்த தாள் கட்டுகளாகத் தைத்தது. மேலிருந்து பார்த்தால் சிறு சிறு வளைவுக் கட்டுகள் தெரியும், ஃபாரத்தின் நடுப்பக்கத்தில் நூல் தெரியும். கள்ளப் பிரதி ஒற்றைத் தாள்களைப் பசையில் ஒட்டியது. 800 பக்கத்துக்கு மேற்பட்ட ஆர்ட் பேப்பரைப் பசை தாங்காது. நடுவில் இரண்டு முறை விரித்தாலே தாள் கையோடு வரும்.

பின்னட்டையில் இருக்கும் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 13 இலக்கங்களையும் மாறி மாறி 1, 3 என்று பெருக்கிக் கூட்டினால் விடை 10-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் எண் பொய். வகுபட்டாலும் புத்தகம் அசல் என்று ஆகாது, பின்னட்டையையே நகலெடுக்கிறார்களே. அந்த எண்ணுக்குரிய பக்க எண்ணிக்கையையும் அளவையும் தேடி, கையில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். ஆம்னிபஸ் சாதாரண காமிக்ஸைவிடப் பெரியது, உயரம் ஏறத்தாழ 28 செ.மீ. ‘மைட்டி மார்வெல் மாஸ்டர்வொர்க்ஸ்’ என்ற புதிய வரிசை 6×9 அங்குலம்தான்; அது அசல், சிறிதாக இருப்பதால் சந்தேகப்பட வேண்டாம்.

வண்ணம் பற்றியும் ஒரு வார்த்தை. அசல் பதிப்பிலேயே வண்ணம் கண்ணைப் பறிக்கலாம். நியூஸ்பிரிண்டுக்காகத் தேர்ந்த அடர் நிறங்களை வெள்ளை வெளேரென்ற வழுவழுத் தாளில் போட்டால் அப்படித்தான் இருக்கும். அச்சுக்குப் பயன்பட்ட பழைய ஃபிலிம் கிடைக்காத கதைகளுக்கு, அச்சான இதழில் வண்ணத்தை வேதிப்பொருளால் வெளுத்துக் கோட்டை மட்டும் மீட்டெடுத்ததும் உண்டு, மறுபடி வரைந்ததும் உண்டு. ஆகவே ஒரு பக்கத்தில் கோடு தடித்திருப்பதை வைத்தே கள்ளப் பிரதி என்று முடிவுகட்டாதீர்கள். புத்தகம் முழுக்க அப்படி இருந்தால்தான் சந்தேகிக்க வேண்டும்.

பணம் அனுப்புமுன் விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: எந்தெந்த இதழ்கள் அடங்கியவை என்று அச்சிட்டிருக்கும் பதிப்புரிமைப் பக்கம், முதுகின் மேல்விளிம்பு, நடுவில் விரித்த ஒரு பக்கம், பின்னட்டை. பதிப்புரிமைப் பக்கத்தை அனுப்பத் தயங்குபவரிடம் வாங்கவே வேண்டாம். ஷ்ரிங்க் உறை பிரிக்காதது என்பது எதற்கும் சாட்சியல்ல, அதை யாரும் மறுபடி சுற்றலாம். இதழ் எண்களை விற்பவரே எழுத்தில் தரட்டும்: “94–131” என்று எண்ணாக, ‘முழு செட்’ என்று சொல்லாக அல்ல. பார்சல் வந்ததும் முகவரிச் சீட்டு தெரியும்படி தொடங்கி, பெட்டியைப் பிரிப்பது முதல் பதிப்புரிமைப் பக்கத்தைப் புரட்டுவது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். இந்தப் பார்சலுக்கு எழுத்தில் எண்களும் இல்லை, வீடியோவும் இல்லை, பணம் திரும்பவில்லை.