சி.ஓ.பி.டி. நோயாளிக்கு போனில் ஒரு துணை: மேயோ கிளினிக் கோச்சிங் முறை எப்படி?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டரில் இருக்கிறது மேயோ கிளினிக். சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய் அதிகமாகி ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்களுக்காக அங்கே நடத்திப் பார்த்ததுதான் இந்த ஹெல்த் கோச்சிங். மருந்தை மாற்றுவது கோச்சின் வேலை இல்லை. டாக்டர் எழுதித் தந்ததை வீட்டில் எப்படிக் கடைப்பிடிப்பது என்று டிஸ்சார்ஜுக்குப் பிறகும் போனில் தொடர்ந்து பேசுவார்.

இதில் உண்மையிலேயே அருமையான விஷயம், அவர் பேசும் விதம். மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்று பெயர். "தினமும் நடக்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" என்று கேட்கிறார். "நாலு" என்று பதில் வருகிறது. நாமாக இருந்தால் "ஏன் நாலுதான்?" என்போம். உடனே மூச்சு வாங்குது, முட்டி வலிக்குது என்று நடக்காததற்கான காரணங்களையே அவர் அடுக்குவார். பழகிய கோச், "ஒண்ணுன்னு சொல்லாம நாலுன்னு சொன்னீங்களே, எதனால?" என்று கேட்பார். நடக்க வேண்டிய காரணம் நோயாளியின் வாயிலிருந்தே வந்துவிடும். "தபால் பெட்டி வரைக்கும் காலையில ஒரு தடவை போயிட்டு வரேன்" என்று அவரே முடிவு செய்வார். அடுத்த போனில் அதைப் பற்றித்தான் பேச்சு.

பலன் இருந்ததா என்றால், இருந்தது. 215 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2016-ல் வெளிவந்தது. ஆறு மாதத்தில், சி.ஓ.பி.டி.க்காக மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் கோச்சிங் பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 12 பேர் குறைவு. ஆனால் 12 மாதத்தில் அந்த இடைவெளி பாதியாகச் சுருங்கி, உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்கு வந்துவிட்டது. மூன்று மாத பேக்கேஜோடு கைகழுவும் சேவைகளைப் பார்க்கும்போது இதை மனதில் வையுங்கள்.

கோச்சிங்கோடு எழுத்தில் ஒரு ஆக்‌ஷன் பிளானும் உண்டு. மூச்சிரைப்பு கூடுகிறதா, சளி அதிகமாகிறதா, வெள்ளைச் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுகிறதா என்று கவனித்து, டாக்டர் முன்கூட்டியே எழுதித் தந்த ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் மாத்திரைகளை எப்போது தொடங்குவது என்று அதில் இருக்கும். இந்த இடத்தில் மிகுந்த கவனம் வேண்டும். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான 20 ஆஸ்பத்திரிகளில், ஏறக்குறைய இதே நோக்கத்தில், 426 பேரை வைத்து ஒரு திட்டம் நடந்தது. பயிற்சி பெற்ற பிரிவில் 28 பேரும் மற்ற பிரிவில் 10 பேரும் இறந்ததால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். காரணம் முழுமையாக விளங்கவில்லை. அதனால், மாத்திரை தொடங்கிய அன்றே டாக்டருக்குத் தகவல் போக வழியில்லாத சேவையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

போன் கோச்சிங்கின் பெரிய குறை, நோயாளி இன்ஹேலரை எப்படி எடுக்கிறார் என்று கோச்சின் கண்ணுக்குத் தெரியாது என்பது. "பஃப் எடுக்கிறீங்களா?" என்றால் "எடுக்கிறேன்" என்றுதான் பதில் வரும். எடுக்கும் முறையில் அத்தனை பிழை இருக்கும். பம்ப் இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக 3 முதல் 5 நொடி உள்ளிழுத்தபடியே அழுத்தி, 10 நொடி அடக்க வேண்டும். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது இடைவெளி. வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும். கையும் மூச்சும் ஒத்துவராதவர்களுக்கு, இன்ஹேலரோடு மாட்டும் ஸ்பேசர் என்ற குழாய் கட்டாயம். கேப்ஸ்யூல் போடும் பவுடர் இன்ஹேலருக்கு நேர்மாறு: வேகமாக, பலமாக இழுத்தால்தான் பொடி உள்ளே போகும். இரண்டு வகையும் வைத்திருப்பவர் ஒன்றின் பழக்கத்தை மற்றதில் காட்டுவது தினமும் நடக்கிறது. ஸ்டீராய்டு கலந்தது என்றால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். விட்டால் வாயில் வெள்ளை படரும். ஆகவே மாதம் ஒரு வீடியோ காலில் நோயாளி எடுப்பதை கோச் கண்ணால் பார்க்கிறாரா என்று சேரும்முன் கேளுங்கள்.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரின் எண்ணை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளும் கோச்சும் போதாது. விரல் சில்லென்று இருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ எண் தப்பாக வரும். கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டவும் செய்யும். இந்த நோயில் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கக்கூடியவர்களுக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது 88 முதல் 92 வரை இருந்தால் போதும். 91-ஐப் பார்த்துப் பதறி வீட்டார் ஆக்சிஜன் தரும் மெஷினான கான்சென்ட்ரேட்டரைத் திருகிக் கூட்டினால் வாயு இன்னும் தேங்கி ஆள் மயங்கலாம். அவரவருக்கான எண்ணை டாக்டரிடம் வாங்கி, மெஷின் மேலேயே எழுதி ஒட்டச் சொல்கிறவர் நல்ல கோச்.

உதடு நீலம் பாய்ந்தாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் தூக்கமாகவே இருந்தாலோ, ஒரு வாக்கியம் முடிக்க மூச்சு போதாவிட்டாலோ கோச்சுக்கு போன் போட்டுக் காத்திருக்க வேண்டாம். அங்கே 911, இங்கே 108.