பாலைவனச் சாலையும் பூட்டிய போனும்: நான்கு வருட அனுபவம்

பாலைவனப் பக்கம் வண்டி எடுத்துப் போகிறேன் என்றால் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றி. அடுத்தது, எந்த விபிஎன் (நம் இணையப் போக்கை மறைத்து வேறொரு கம்பெனியின் சர்வர் வழியாக அனுப்பும் செயலி) நல்லது என்று. தண்ணீருக்குப் பதில் சுலபம்: ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர், வண்டி நின்றுபோனால் தாங்குகிற அளவுக்கு உபரி. விபிஎன் விஷயத்தில் நான்கு வருடம் கழித்தும் ஒரே வரியில் பதில் சொல்ல வரவில்லை. முதல் பயணத்தில் என்னை மாட்டிவிட்டதே அதுதான்.

அந்த முறை கிளம்பும்போது போனை இரும்புப்பெட்டி மாதிரி பூட்டியிருந்தேன். எந்தச் செயலிக்கும் இருப்பிட அனுமதி கிடையாது. விபிஎன் அறுந்தால் இணையத்தையே நிறுத்திவிடும் கில் ஸ்விட்ச் எப்போதும் ஆன். இரண்டாம் நாள் மதியம் வண்டி அச்சு வரை மணலில் புதைந்தது. சிக்னல் ஒரே ஒரு கோடு. அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் தட்டினால் கடிகாரக் குறி அப்படியே நிற்கிறது. இருபது நிமிடம் மேட்டில் ஏறி இறங்கி, போனைத் தூக்கிப் பிடித்து, சிக்னலைத் திட்டித் தீர்த்தேன். பிறகுதான் உறைத்தது. அந்த ஒற்றைக் கோட்டில் விபிஎன்னால் இணைய முடியவில்லை. அது இணையாததால் கில் ஸ்விட்ச் எதையும் வெளியே விடவில்லை. சாதாரண எஸ்எம்எஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை, அது விபிஎன் வழியாகவும் போவதில்லை. ஒன்று தட்டினேன், போய்விட்டது.

“எங்கடா இருக்க?”

“ரெண்டாவது மேட்டுக்குப் பக்கத்துல.”

“எத்தன மேடுடா இருக்கு அங்க?”

எண்ணவில்லை. வரைபடச் செயலிக்கும் சேர்த்து இருப்பிடத்தை மூடி வைத்திருந்தேனே! ஜிபிஎஸ் என்பது சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் குரலைப் போன் கேட்டுக்கொள்வது மட்டும்தான். திருப்பி எதையும் அனுப்புவதில்லை. சிக்னலே இல்லாத இடத்திலும் வேலை செய்யும். நம்மைக் காட்டிக்கொடுப்பது, கிடைத்த இடத்தை வாங்கி ஊருக்கெல்லாம் அனுப்பும் செயலிகள்தான். அன்று டயர் அகன்று மணலைப் பிடிக்கட்டும் என்று காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கி, ஒருவழியாக வெளியே வந்தேன். (கெட்டியான சாலைக்கு வந்ததும் திரும்ப நிரப்ப கையடக்கக் கம்ப்ரஸர் வேண்டும். அது இருந்தது. அந்தப் பயணத்தில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.)

அடுத்த வருடம் போனைத் தொடுவதற்கு முன் காகிதத்தை எடுத்தேன். ஒரே பக்கம்: வண்டி எண், நிறம், போகும் வழி, இரவு தங்கும் இடங்கள், கையில் இருக்கும் தண்ணீர் எத்தனை லிட்டர், கடைசியாக ஒரு நேரம். அந்த நேரத்துக்குள் நான் பேசாவிட்டால் மீட்புக்குச் சொல்லிவிட வேண்டும். ஒரு பிரதி அக்காவிடம். வேறு யாரிடமும் இல்லை. வண்டி நின்றால் அதை விட்டு நடக்க மாட்டேன் என்பதும் அதில் எழுதியிருக்கிறது, ஏனென்றால் மேலிருந்து தேடுபவர் கண்ணில் ஆளை விட வண்டிதான் சீக்கிரம் படும்.

ஒருவருக்கு மட்டும் என்று இவ்வளவு பிடிவாதம் எதற்கு? நகரத்தில் நம் தடம் ஆயிரம் பேர் தடத்தில் கலந்துவிடும். பாலைவனத்தில் கலக்க ஆளே இல்லை. ஓட்டம், சைக்கிள் பயிற்சிகளைப் பதியும் ஸ்ட்ராவா செயலி, தன் பயனர்களின் தடங்களை ஒளிரும் கோடுகளாகக் காட்டி 2017 நவம்பரில் வெளியிட்ட உலக வெப்ப வரைபடத்தில் பெயர் எதுவும் கிடையாது. ஆனாலும் 2018 ஜனவரியில் சிரியா, ஆப்கானிஸ்தான் பகுதிகளின் இருட்டுக்கு நடுவே தனியாக ஒளிர்ந்த கோடுகளை வைத்தே ராணுவ முகாம்களைக் கண்டுபிடித்தார்கள். வீரர்கள் ஓடிய ஓட்டம்தான் அந்தக் கோடு. இதைப் படித்த அன்று உடற்பயிற்சிச் செயலியை அழித்தேன். படங்களையும் இப்போது ஊர் திரும்பிய பிறகே போடுகிறேன், இருப்பிடக் குறிப்பை நீக்கிவிட்டு. நான் எங்கே இருக்கிறேன் என்பதை விட, வீட்டில் இல்லை என்பதுதான் திருடனுக்கு உபயோகமான சேதி.

வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்ஆண்ட் இரண்டும் வைத்திருக்கிறேன். இரண்டும் தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடுபவை, கணக்கு திறக்கச் சொல்லி நச்சரிப்பதில்லை. குறை இல்லாமல் இல்லை: எப்போதோ ஒரு ஜீப் போன தடமும் அதில் பாதையாகத் தெரியும், நம்பிப் போனால் மென்மணல். கிளம்புவதற்கு முந்தின நாள் ஃபிளைட் மோடில் போட்டு வரைபடம் திறக்கிறதா என்று பார்த்துவிடுவேன். டாஷ்போர்டில் மட்டும் போனை வைக்காதீர்கள். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் வரம்பே 35 டிகிரி செல்சியஸ். என்னுடையது சூடேறி இருமுறை திரையை மூடிக்கொண்டது.

எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி சிக்னல் இல்லாத இடத்தில் வராது. முடிந்த கணக்குகளையெல்லாம் ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு மாற்றினேன். போனில் இருக்கும் ரகசியச் சாவியையும் நேரத்தையும் வைத்து அது 30 விநாடிக்கு ஒரு எண்ணைத் தானே கணக்கிடுகிறது, இணையம் வேண்டாம். போன் செத்தால் எல்லாம் போச்சு என்பதால், மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு, எந்தக் கணக்குக்கு எது என்று எழுதாமல், ஒட்டிய உறையில் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். சில வங்கிகள் இன்னும் எஸ்எம்எஸ்ஸை விடுவதாயில்லை. அதற்கு ரொக்கம்தான் மருந்து.

வாடகை வண்டியைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை. ஒரு முறை எடுத்த வண்டியில் முன்னால் ஓட்டியவரின் தொடர்புப் பட்டியல் முழுக்கக் கிடந்தது, ‘வீடு’ என்று சேமித்த முகவரியோடு. புளூடூத்தில் இணைக்கும்போது வரும் ‘தொடர்புகளை அனுமதிக்கவா’ கேள்விக்கு யோசிக்காமல் ஆமாம் போடுவதன் பலன். நான் இல்லை போடுகிறேன். ஒப்படைக்கும் முன் வண்டியின் நினைவகத்தையும் அழிக்கிறேன். 2023இல் ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொஸில்லா 25 கார் பிராண்டுகளின் தனியுரிமையை ஆராய்ந்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை என்பதால், சொந்த வண்டிக்காரர்களும் ரொம்பச் சிரிக்க வேண்டாம்.

விபிஎன்னை விட்டுவிடவில்லை. விடுதி வைஃபையில் போடுகிறேன். பெரும்பாலான தளங்கள் ஏற்கெனவே மறையாக்கத்தில்தான் வருகின்றன. எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதை விடுதிக்காரரிடம் மறைத்து விபிஎன் கம்பெனியிடம் கொடுக்கிறோம், அவ்வளவே. கடைசி ஊரைத் தாண்டும்போது கில் ஸ்விட்சை அணைக்கிறேன்.

மூன்றாம் வருடம் செயற்கைக்கோள் வழி தகவல் அனுப்பும் கருவி ஒன்று வாங்கினேன். செய்தி போய்ச் சேர சில சமயம் பல நிமிடம் ஆகும். சந்தா காலாவதியானால் வெறும் கல். நம் தடத்தைக் காட்டும் இணையப் பக்கம் இணைப்பு கிடைத்த எவருக்கும் திறந்தது, கடவுச்சொல் வைக்கும்வரை. வைத்தேன், அக்காவுக்கு மட்டும் சொன்னேன்.

போன பயணத்தில் இருட்டும் நேரம் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தபோது கருவி சிணுங்கியது. நான் இன்னும் எதுவும் அனுப்பியிருக்கவில்லை.

“நீ நிக்கிற எடத்துல ராத்திரி 6 டிகிரியாம். கம்பளி எடுத்தியா?”

எடுக்கவில்லை.