கிரீன்லாந்துக்கு இரண்டாம் முறை: இரண்டு குளிர்காலம் பாவித்த பொருட்கள்

கிரீன்லாந்தின் பனிப்பாளத்தை ஸ்கீயில் கடக்கப் போய், பாதித் தூரம்கூட எட்டாமல் திரும்பி வந்தவன் நான். மேற்கே காங்கர்லுசுவாக்கில் தொடங்கிக் கிழக்கே இசோர்ட்டோக் வரை ஏறக்குறைய 550 கிலோமீட்டர். அடுத்த ஏப்ரலில் அதே பாதையில் மீண்டும் இறங்குகிறேன். இடையில் கிடைத்த இரண்டு குளிர்காலங்களையும் கூடாரம், அடுப்பு, கையுறை என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பதிலேயே செலவழித்தேன்.

முதல் முறை உடம்பை மட்டும்தான் தயார்படுத்தினேன். ஒஸ்லோவைச் சுற்றியுள்ள காட்டுப் பாதைகளில் இரண்டு கார் டயர்களை இடுப்பில் கட்டி எட்டு மாதம் இழுத்தேன். அது வீண் போகவில்லை. புல்க் என்று நோர்வேயில் சொல்லும் சறுக்கு வண்டியில் 65 கிலோ சாமான் இருந்தது. அதை இழுக்க ஒரு நாளும் நான் திணறவில்லை. பயணம் முடிந்துபோனது ஒன்பதாம் நாள் மாலை, கூடாரத்துக்குள்.

அடுப்பின் பம்பில் ஒரு சின்ன ரப்பர் வளையம். மைனஸ் 28 டிகிரியில் அது விறைத்துச் சுருங்கிவிட்டது. அழுத்தம் ஏறவில்லை, எரிபொருள் கசிந்தது. தடித்த கையுறையோடு வளையத்தைப் பிடிக்க முடியாமல் கையுறையைக் கழற்றினேன். பெட்ரோல் அந்தக் குளிரில் உறையாது. திரவமாகவே இருந்து, அதே மைனஸ் 28இல் தோலில் படும். ஆவியாகும்போது விரலில் மிச்சமிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். வலது பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் பட்டது சில வினாடிகள்தான். காலையில் இரண்டிலும் கொப்புளம். 1988இல் கைவிடப்பட்ட டை-2 ராடார் நிலையத்தின் குவிமாடம் தூரத்தில் தெரியத் தொடங்கிய இடத்தில் என்னை ஹெலிகாப்டர் ஏற்றிக்கொண்டது. மற்ற மூவரும் நடந்து முடித்தார்கள். அவர்களுக்காக மனதார மகிழ்ந்தேன். அன்று இரவே மீண்டும் வருவதென்று முடிவும் செய்துவிட்டேன்.

எனவே முதலில் அடுப்பு. அதே வகை அடுப்பைத்தான் இன்னும் பாவிக்கிறேன். பம்பை மட்டும் மாற்றினேன். இப்போதையதில் உள்ளே போய் வரும் தண்டுக்குத் தோல் வளையம். எண்ணெயில் ஊறவைத்தால் தோல் குளிரிலும் வளைந்து கொடுக்கும். மற்ற வளையங்கள் கடுங்குளிருக்கென்றே தயாரித்தவை. இரண்டு குளிர்காலங்களில் ஒரு முறைகூடக் கசியவில்லை. ஆனாலும் இரண்டாவது அடுப்பும் இரண்டு பம்புகளும் என்னோடு வரும். குடிக்கும் தண்ணீர் முழுவதையும் பனியை உருக்கித்தான் எடுக்க வேண்டும் என்பதால், அடுப்பு நின்றால் பயணமும் நின்றுவிடும். ஆளுக்கு நாளொன்றுக்குக் கால் லீட்டர் பெட்ரோல் கணக்கு வைத்திருக்கிறேன், அது போதுமாக இருக்கிறது.

பம்பை விட முக்கியமாக மாறியது என் கைகளின் பழக்கம். மெல்லிய கம்பளிக் கையுறையை வெளியே எந்தக் காரணத்துக்காகவும் கழற்றுவதில்லை. எரிபொருள் ஊற்றும்போது அதற்கு மேல் ஆஸ்பத்திரியில் போடுவது போன்ற நைட்ரைல் கையுறை ஒன்று. மலிவான பொருள்தான், ஆனால் என்னிடம் இருப்பவற்றில் இதற்குத்தான் முதலிடம் தருவேன். ஒரு முறை குளிர் கடித்த விரலைக் குளிர் சீக்கிரமாக மீண்டும் பிடிக்கும். என் பெருவிரல் இப்போதும் மற்ற விரல்களுக்கு முன்னால் வெளிறிவிடுகிறது. அது வெளிறியதும் வேலையை நிறுத்திவிட்டுக் கையை அக்குளில் வைப்பேன். யார் காத்திருந்தாலும் சரி.

இதையெல்லாம் பழகியது ஃபின்செயில். ஒஸ்லோவிலிருந்து ரயிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல், கடல்மட்டத்திலிருந்து 1222 மீட்டர். குளிர்காலத்தில் ரயிலை விட்டால் அங்கே போகச் சாலை கிடையாது. நிலையத்தை விட்டு இறங்கினால் ஹார்டாங்கர் பீடபூமி. 1896 ஜனவரியில் இந்தப் பீடபூமியைக் கடக்க வந்த நோர்வேயின் துருவப் பயணி அமுண்ட்சென், இரவில் தோண்டிப் படுத்த பனிக்குழி உறைந்து மூடிக்கொள்ள, உள்ளே சிக்கிவிட்டார். அண்ணன் லியோன்தான் தோண்டி எடுத்தார். தென்துருவத்தை அடைந்தது 1911இல். கூடாரத்துக்குள் படுத்து அந்த 15 வருடங்களை நினைத்துப் பார்த்தபோது என் இரண்டு வருடம் பெரிதாகத் தெரியவில்லை.

ஹில்லேபெர்க் கேரோன் கூடாரம். குகைபோல நீண்டது, இரண்டு பக்கமும் வாசல். கம்பிகளைப் பையில் தனியாக வைக்காமல், துணிக்குள் பாதி நுழைத்தபடியே நீளமாகச் சுருட்டிப் புல்க்கின் மேல் கட்டுகிறேன். கம்பித் துண்டுகளின் மூட்டுகளில் நடுவில் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை டேப்பால் ஒட்டியாயிற்று. காற்றில் ஆறு நிமிடத்தில் எழுப்பிவிடலாம். முன்பு இருபது நிமிடம் ஆகும். இந்த வேகம் தேவைப்படுவது பாதையின் கடைசியில். பனிப்பாளத்தின் உச்சியிலிருந்து கிழக்குக் கரை நோக்கிக் குளிர்காற்று சரிந்து இறங்கும், பித்தராக் என்பார்கள். 1970 பெப்ரவரியில் தாசீலாக் ஊரையே நாசமாக்கிய காற்று அது. வருகிறது என்று செய்தி கிடைத்தால் கூடாரத்தை எழுப்பிப் பனிச்சுவரும் கட்டி முடித்திருக்க வேண்டும்.

ஸ்லீப்பிங் பேக்கில் சென்ற முறை இன்னொரு தவறும் நடந்தது, விரல் விஷயத்தில் அது மறைந்துபோனது. உடம்பின் ஈரம் இறகுக்குள் போய் உறைந்து, எட்டாவது இரவில் பை கட்டி கட்டியாக இருந்தது. இப்போது காற்றுப் புகாத மெல்லிய உறை ஒன்றுக்குள் படுத்து, அதோடு பைக்குள் போகிறேன். முதல் இரண்டு இரவுகள் பிசுபிசுவென்று தூக்கம் வராது, அப்புறம் பழகிவிடும். ஃபின்செயில் ஏழு இரவு படுத்த பின்னும் இறகு உப்பலாகவே இருந்தது. காலணிக்குள்ளும் அதே தத்துவம்தான்: மெல்லிய காலுறை, பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் தடித்த கம்பளி.

ஸ்கீயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓஸ்னெஸ் நிறுவனத்தின் 'அமுண்ட்சென்' ஸ்கீ, இரும்பு விளிம்பு, அடியில் பின்னால் சறுக்காமல் பிடிக்க மொஹேர் என்ற ஆட்டு ரோமப் பட்டை. நைலோனை விட நன்றாக வழுக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். ஒரு சோடி கூடுதலாக எடுத்துப் போகிறேன்.

அம்மாவுக்கு இதில் ஒன்றும் பிடிக்காது. கொப்புளம் காய்ந்த விரலைப் பிடித்துப் பார்த்து, "ஒருக்காப் போனது போதாதோ தம்பி?" என்று கேட்டவர். "இந்த முறை வெறுங்கையை வெளியில எடுக்கமாட்டன் அம்மா" என்றேன். ஜிப்புகளைத் தடித்த கையுறையோடு இழுக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் கயிற்று வளையம் வேண்டும் என்று விளக்கினேன். பேசாமல் தையல் பெட்டியை எடுத்து வந்தார். ஜாக்கெட், கூடாரம், ஸ்லீப்பிங் பேக் என்று 23 ஜிப்புகளுக்குச் சிவப்பு நாடாவில் வளையம் தைத்துத் தந்திருக்கிறார். பனியில் ஒன்றுகூட அறுந்து வரவில்லை.

கிரீன்லாந்து அரசிடம் அனுமதிக்கு விண்ணப்பித்தாயிற்று. மீட்புச் செலவுக்கான காப்புறுதிக் கடிதமும் போய்விட்டது. பெப்ரவரிக் கடைசியில் ஃபின்செயில் இன்னும் ஐந்து இரவு இருக்கிறது. இந்த முறை அடுப்பைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டிப் பார்க்கப் போகிறேன், கையுறையோடு.